காலைத் தும்மல்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் போனை எடுப்பதில்லை. நீங்களும் எடுப்பதில்லை. அதனால் இந்தக் கடிதம்.

மெஷினிலிருந்து கழற்றி நீங்கள் அனுப்பிய மெமரி கார்டு கிடைத்தது. அண்ணனுக்கு அடிபட்ட பிப்ரவரி பத்தொன்பதாம் தேதியின் பதிவு முழுவதையும் மூன்று முறை படித்தேன். காலை 9:31-க்குக் கரன்ட் போயிருக்கிறது. 9:42:07-க்கு, மெஷினை இயக்க நான் எழுதிய டிரைவர் புரோகிராம் ஏறியிருக்கிறது. ஏறிய கணத்திலிருந்து, அட்டையை அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப்பின் கட்டுப்பாட்டுப் பின் பூஜ்யத்தில்தான் இருந்திருக்கிறது. கிளாம்ப்பை இறக்கச் சொல்லி டிரைவர் ஓர் உத்தரவும் கொடுக்கவில்லை.

பட்டறையில் என் பங்கு எது என்பதை ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். அட்டை வெட்டும் மெஷினின் பழைய ரிலே அலமாரியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கையகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றை மாட்டியது அண்ணன். அந்தப் போர்டின் ஓரத்தில், பின் என்கிற குட்டிக் கம்பிமுனைகள் நாற்பது இருக்கின்றன. ஒன்று கத்தியை ஓட்டும், ஒன்று உருளையை ஓட்டும், ஒன்று காற்றழுத்தத்தைத் திறந்துவிட்டுக் கிளாம்ப்பை இறக்கும். எந்தப் பின் எப்போது எழ வேண்டும், எப்போது விழ வேண்டும் என்று சொல்கிற டிரைவரை எழுதியது நான். அது சொன்னதையும் செய்ததையும் அதுவே எழுதி வைக்கும். அதைத்தான் படித்தேன். டிரைவரில் பிழை இல்லை.

அண்ணனின் மோதிர விரலில் கட்டுப் பிரித்துவிட்டார்களா? சுண்டுவிரல் நுனியை இனி ஒன்றும் செய்ய முடியாது என்று மருத்துவர் சொன்னதாக மெசேஜில் எழுதியிருந்தீர்கள். வேறு மருத்துவரிடம் காட்டலாமா?

அன்புடன்,
உங்கள் நாத்தனார்

மார்ச் 9

மரியாதைக்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

ஹாஸ்டலில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். எந்நேரமும் கையில் ஸ்டீல் ஸ்கேலோடு திரிந்ததற்காக என்னை 'ஸ்கேல்' என்று கூப்பிட்டவள் நீ. கம்ப்யூட்டர் லேபில் புரோகிராமில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் தேடியதற்காக உனக்கு 'அரைப்புள்ளி' என்று பெயர் வைத்தவள் நான். உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. அதற்குள் நீ என்னை அண்ணி என்று கூப்பிட்டது மூன்று முறை. மூன்று முறையும் உனக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருந்தது. இது நாலாவது. 'நீங்கள்' வேறு.

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நீ பேசினால் கடைசியில் தப்பு என்மேல் வந்து நிற்கும், நானும் "சரிடி, சரிடி" என்பேன். காகிதத்தில் அப்படி முடியாது. ஆகவே எழுது.

ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நான் மெசேஜ் அனுப்பினேன்: "அவருக்குக் கைல அடி, ரெண்டு விரல்." உன்னிடமிருந்து வந்த முதல் பதில் என்ன என்று உனக்கு நினைவிருக்கிறதா? "கார்டைக் கழட்டி பத்திரமா அனுப்பு." இரண்டாவதாகத்தான் "எப்படி இருக்கான்?" நடுவில் நாலு நிமிஷம். அன்று ரத்தக் கறையோடு போய்க் கார்டைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன் என்று இன்றைக்கும் எனக்கே தெரியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கரன்ட் போனபோது அட்டை ஒன்று கிளாம்ப்புக்கு அடியில் மடங்கி மாட்டிக்கொண்டது. மெஷின் செத்துக் கிடந்தது. கரன்ட் வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று உன் அண்ணன் கையை விட்டார். விடுவதற்கு முன்னால் ஏர் வால்வை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, அதை நான் மறைக்கப் போவதில்லை. கரன்ட் போனாலும் டேங்கில் காற்று இருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? கரன்ட் வந்தது. கிளாம்ப்பின் ரிலே சுவிட்ச் 'டிக்' என்றது. கிளாம்ப் இறங்கிவிட்டது.

நான் எதிரில் நின்றேன். மெஷினின் திரை கறுப்பாக இருந்தது. உன் டிரைவர் இன்னும் ஏறவே இல்லை. அது ஏறிய பிறகு எழுதிய நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அது எதுவும் செய்யவில்லை என்று சாட்சி சொல்கிறாய். தூங்கி எழுந்தவனிடம், தூங்கும்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பது போல இருக்கிறது.

என் கேள்வி ஒன்றே ஒன்று. திரை கறுப்பாக இருக்கும்போது அந்தப் பின்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

இன்னொன்று. தினமும் காலையில் மெயின் போட்டதும் கிளாம்ப் ஒருமுறை இறங்கி ஏறும். நாங்கள் அதற்குத் தும்மல் என்று பெயர் வைத்திருந்தோம். உனக்கும் தெரியும்.

விபத்து அறிக்கையைத் தொழிலாளர் அலுவலகத்துக்கு முப்பத்தொன்றாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. உன் அண்ணன் இடது கையால், கோழி கிளறியது போல, "என் கவனக்குறைவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் இன்னும் தபாலில் போடவில்லை.

ஸ்கேல்

மார்ச் 14

ஸ்கேலுக்கு,

அந்த நாலு நிமிஷத்துக்கு என்னிடம் விளக்கம் இல்லை. தெரிந்த வேலை எதுவோ அதைக் கை செய்தது என்று எழுதலாம். அது உண்மைதானா என்று எனக்கே உறுதியில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் இல்லை.

கரன்ட் வந்ததும் போர்டு விழித்து, தன் நினைவைத் திரட்டி, டிரைவரை ஏற்றிக்கொள்ளப் பதினொரு நொடி ஆகும். அந்தப் பதினொரு நொடியும் பின்கள் எல்லாம் அவற்றின் இயல்பில் இருக்கும். சில பின்களின் இயல்பு கீழே, அதாவது கரன்ட் இல்லாமல். சிலவற்றின் இயல்பு மேலே, அதாவது கரன்ட்டோடு; கிளாம்ப்பின் பின் மேலே இருந்தால் கிளாம்ப் இறங்கிவிடும். போர்டைச் செய்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். டிரைவர் வந்த பிறகுதான் ஒவ்வொன்றையும் அதன் வேலையில் நிறுத்தும்.

இது எனக்குத் தெரிந்த விஷயம். ஆரம்பத்தில் கிளாம்ப்புக்குப் பின்னைத் தேர்ந்தெடுத்தபோது, இயல்பிலேயே கீழே இருக்கிற பின்னாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். வரிசையில் எண்ணினால் அது பதினொன்று. சிப்பின் கணக்கில் பதினேழு. இந்த இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது, புதியவர்கள் எல்லோரும் அதில்தான் தடுக்கி விழுவார்கள். அந்தப் பின்னில் வயர் இருந்தால் கிளாம்ப் தானாக இறங்க வழியே இல்லை.

அதனால் ஒன்று செய். மெயினை அணைத்து, ஏர் வால்வை மூடிவிட்டு, பெட்டியைத் திற. கிளாம்ப் ரிலேவுக்குப் போகிற மஞ்சள் வயர் எந்தப் பின்னில் இருக்கிறது என்று எண்ணிப் பார். ஓரத்தில் சின்னச் சதுரம் போட்டிருக்கும் பின்தான் ஒன்றாம் எண். அதன் எதிரில் இருப்பது இரண்டு. அப்படியே இரண்டு வரிசையிலும் மாறி மாறி எண்ணிக்கொண்டு போக வேண்டும். வயரிங்கில் ஏதாவது மாறியிருக்கலாம்.

எண்ணிப் பார்த்து எனக்கு எழுது, என் பதில் வரும் வரை அறிக்கையை அனுப்பாதே.

நாத்தனார் என்று கையெழுத்துப் போட்டது எனக்கே பிடிக்கவில்லை. அடித்துத் திருத்த வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

மார்ச் 18

எண்ணினேன். ஸ்கேலை வரிசையோரமாக வைத்து, விரலால் எண்ணாமல் பென்சில் முனையால் எண்ணினேன். மூன்று தடவை. மஞ்சள் வயர் இருபத்தொன்பதில் இருக்கிறது.

எண்ணி முடிக்கும் முன்பே எனக்கு நினைவு வந்துவிட்டது. உனக்கு வரவில்லையா?

போன அக்டோபர். பதினொன்றில் வயரைப் பிடிக்கிற ஸ்க்ரூ தேய்ந்து, வயர் நிற்கவில்லை. உன் அண்ணன் ஏணியில் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், ஏனென்றால் ஒரு கையில் வயர், ஒரு கையில் திருப்புளி. டார்ச் பிடித்தது நான்.

"ஏய், இந்த பதினொண்ணுல ஸ்க்ரூ போயிடுச்சு. இருபத்தொம்பது சும்மாதான கிடக்கு, அதுக்கு மாத்திக்கட்டுமா?"

"மாத்து, மாத்து."

"ஒண்ணும் ஆகாதே?"

"அட, எனக்கு எல்லாம் ஒண்ணுதான். இங்க ஒரு நம்பரை மாத்தினாப் போதும். மாத்தி அனுப்பறேன், போட்டுக்கோ."

"பாத்தியா, எவ்ளோ ஈஸியா சொல்றா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெருமை வேறு.

அடுத்த நாள் காலையிலிருந்துதான் மெஷின் தும்ம ஆரம்பித்தது. டிசம்பரில் அவர் உன்னிடம் சொன்னார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்: "உன் மெஷின் காலைல தும்முதுடி." நீ என்ன சொன்னாய்? "ஜலதோஷமா இருக்கும், போர்வை போத்திவிடு." எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். என் முதல் கடிதத்தில் தும்மலைப் பற்றி எழுதினேன். நீ இரண்டு பக்கம் பதில் எழுதினாய். தும்மலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

எண்ணிய அன்று மதியம் அவரிடம் கேட்டேன்.

"அவ மாத்தச் சொன்னதை ஏன் எழுதல?"

"எதை?"

"சும்மா நடிக்காதீங்க. அக்டோபர்ல."

"அவ ஏதோ வேலையா இருந்தா. நான்தான் நடுவுல கூப்பிட்டுத் தொல்லை பண்ணேன். வால்வை மூடாதது யாரு? அவளா?"

"ரெண்டும் எழுதுங்க."

"எழுதினா நாளைக்கு அவ வேலைக்கு என்ன ஆகும்? எனக்குப் போனது அரை இஞ்சு. போதும் விடு."

இதுதான் உன் அண்ணன். மெஷின் இருக்கிற பக்கம் அவர் வருவதில்லை. சரக்குக் கட்டும் மேஜையில் உட்கார்ந்து, இடது கையால் பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிறார். மாற்றுக் கார்டைப் போட்டு மெஷினை நானே ஓட்டுகிறேனே, பக்கத்திலாவது நில்லுங்கள் என்றால், "என் கைக்கும் அதுக்கும் இனிமே ஒத்துவராது" என்கிறார். பதினெட்டு வருஷமாகச் சத்தத்தை வைத்தே கத்தி மழுங்கியதைச் சொன்ன மனுஷன், தன் கையை நம்பாமல் உட்கார்ந்திருக்கிறார். விரல்நுனி போனது எனக்குப் பெரிதில்லை. இதுதான் பெரிது.

நான் இப்போது தினமும் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் மெயினைப் போடுகிறேன். காற்று இல்லாமல் ரிலே மட்டும் 'டிக்' என்கிறது.

கடைசியாக ஒன்று. இதே டிரைவரை வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறாயா?

மார்ச் 19

முந்தின கடிதத்தை நேற்றுத் தபாலில் போட்டுவிட்டேன். ஒன்று விட்டுப்போயிற்று. 'வயரிங்கில் ஏதாவது மாறியிருக்கலாம்' என்று எழுதியிருந்தாய். 'மாறியிருக்கலாம்.' அந்த வார்த்தையை இரண்டு தடவை படித்தேன். அவ்வளவுதான்.

மார்ச் 23

ஸ்கேல்,

இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன.

மாறியிருக்கலாம் என்று எழுதும்போதே, மாற்றியது யார் என்று எனக்குத் தெரியும். வயரை எண்ணிப் பார் என்று உன்னிடம் கேட்டது, பதிலை உன் வாயால் வரவழைக்கத்தான். நீ எண்ணி, நீ சொல்லி, பிறகு நான் அதைக் கண்டுபிடித்ததுபோல ஆகட்டும் என்று. எழுதிய அன்று இவ்வளவு தெளிவாக நினைக்கவில்லை. ஆனால் கடிதத்தை ஒட்டும்போது ஏதோ ஒரு திருப்தி இருந்தது. அந்தத் திருப்தியை இப்போது திரும்பிப் பார்த்தால் இதுதான் தெரிகிறது.

அக்டோபரில் அவன் கூப்பிட்டபோது நான் பல் மருத்துவரின் வரவேற்பறையில் இருந்தேன். மடியில் லேப்டாப். என் முறைக்கு இன்னும் ஒருவர் பாக்கி. டிரைவரில் பதினேழு என்றிருந்ததை ஐந்து என்று மாற்றினேன். வரிசையில் இருபத்தொன்பது என்பது சிப்பின் கணக்கில் ஐந்து. கணக்கை நான் தப்பாகப் போடவில்லை. புதியவர்கள் விழுகிற இடத்தில் நான் விழவில்லை. அனுப்பிவிட்டு உள்ளே போனேன். நாற்காலியில் சாய்ந்து, அரை வாய் மரத்துப்போகக் காத்திருந்தபோது, ஒரு நிமிடத்தில் முடித்ததைப் பற்றிப் பெருமையாக இருந்தது.

ஐந்து என்கிற பின்னின் இயல்பு மேலே.

பதினேழை எதற்காகத் தேர்ந்தெடுத்தேன் என்று எங்கேயும் நான் எழுதி வைக்கவில்லை, அவனிடம் சொல்லவும் இல்லை. என் தலைக்குள் மட்டும் இருந்தது. அக்டோபருக்குள் தலைக்குள்ளும் இல்லை. எனக்கு எல்லாம் ஒண்ணுதான் என்று சொன்னது அவனைச் சமாதானப்படுத்த இல்லை. அந்த நேரத்தில் எனக்கு உண்மையிலேயே எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது.

தும்மலைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கவில்லை, எழுதவில்லை என்று மட்டும் சொன்னாய். அவன் அந்த வார்த்தையைச் சொல்லாமல், மெயின் போட்டதும் கிளாம்ப் இறங்குகிறது என்று சொல்லியிருந்தால் எனக்கு அந்த நிமிடமே விளங்கியிருக்கும் என்று சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சாக்குதான். மெஷின் எங்கே தும்மும்? கேட்டிருக்க வேண்டியவள் நான்.

உன் கடைசிக் கேள்வி. ஆம். நவம்பருக்குப் பிறகு நாலு பட்டறைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். அண்ணனுக்காக மாற்றிய கோப்புதான் கடைசியாக இருந்தது, அதையே எடுத்து அனுப்பினேன். நாலு பேரும் அதில் சொன்னபடி இருபத்தொன்பதில்தான் வயரைப் போட்டிருப்பார்கள்.

உன் கடிதம் வந்த அன்றே நாலு பேருக்கும் போன் செய்தேன். முதல் ஆள், "ஆமாங்க, காலைல ஒரு தடவை அடிக்கும். அப்புறம் நாள் முழுக்க தங்கமா இருக்கும்" என்றார். இரண்டாவது பட்டறையில் அதற்கு 'குட் மார்னிங்' என்று பெயர். "எங்க ஆளுங்க பதிலுக்கு குட் மார்னிங் சொல்லிட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பாங்க மேடம்." மூன்றாவதில் முதலாளி இல்லை. மெஷின் ஓட்டுகிற அம்மா எடுத்தார். நான் கேட்டதும், "ஸ்விட்சைப் போட்டுட்டு அட்டை வர்ற வரைக்கும் நான் அடியில துணி வச்சுத் துடைச்சிட்டு இருப்பேனே" என்றார். "அடிக்கலையா?" என்றேன். "அடிச்சு மேல போன அப்புறந்தான் துடைப்பேன். தெனமும் ஒரு தடவைதான அடிக்கும்." துடைக்கிற நேரத்தில் என்றைக்காவது கரன்ட் போய்த் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் சொல்லவில்லை. மெஷினை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டார். நாலாவது ஆள் திட்டினார். அவர் திட்டியதுதான் காதுக்குக் கொஞ்சம் சாதாரணமாக இருந்தது.

என் அலுவலகத்தில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன சொல்வார்கள் என்று தெரியாது. அது அண்ணன் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இதோடு மூன்று பொருள் இருக்கின்றன. ஒன்று, புதிய ஸ்க்ரூ வைத்த இணைப்புப் பட்டை. மஞ்சள் வயர் பதினொன்றுக்கே திரும்பிப் போகட்டும். இரண்டு, சின்னத் தாளில் ஒட்டியிருக்கிற ரெசிஸ்டர், அரிசி அளவுதான் இருக்கும். அதை அந்தப் பின்னுக்கும் பக்கத்து கிரவுண்ட் பின்னுக்கும் நடுவில் பற்றவைக்க வேண்டும். யாரும் பிடிக்காத நேரத்திலும் அது பின்னைக் கீழேயே பிடித்துக்கொள்ளும். ஐந்து வருஷத்துக்கு முன்பே நான் வைத்திருக்க வேண்டியது. மூன்று, மெமரி கார்டில் ஏற்றிய, திருத்திய டிரைவர். எந்தப் பின், எதற்காக அந்தப் பின் என்று ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் எழுதியிருக்கிறேன்.

'காரணம்' கட்டத்தில் இதை எழுது:

"கரன்ட் வந்ததிலிருந்து டிரைவர் ஏறும் வரையிலான பதினொரு நொடியில் கிளாம்ப் பின் மேல்நிலையில் இருந்தது. பின்னை மாற்றச் சொன்னவரும், அதன் நிலையைச் சரிபார்க்காதவரும் டிரைவரை எழுதியவர்."

அதன் கீழே என் பெயரையும் முகவரியையும் எழுது. ஏர் வால்வு மூடப்படவில்லை என்பதையும் எழுது. அதை விட்டுவிட்டால் அவன் மற்றதையும் நம்ப மாட்டான்.

இந்தக் கடிதத்தை நீ படித்துக் காட்டாதே. அவன் கையில் கொடு.

அரைப்புள்ளி

மார்ச் 29

அடியே அரைப்புள்ளி,

கொடுத்தேன். நாடா ஒட்டுகிற மேஜையிலேயே உட்கார்ந்து படித்தார். முதலில், "இவ இவ்ளோ நீளமாக்கூட எழுதுவாளா?" என்றார். மூன்றாவது பட்டறை அம்மா வருகிற இடத்துக்கு வந்ததும் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மீதியைப் படித்தார்.

"அப்ப என் கை ஒண்ணும் பண்ணல" என்றார்.

"வால்வை மூடல" என்றேன்.

"அது பண்ணல. அது வேற."

எழுந்து மெஷின்கிட்டே போனார். முப்பத்தெட்டு நாளுக்குப் பிறகு.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். டேங்கில் காற்றை ஏற்றி, கிளாம்ப்புக்கு அடியில் என் பென்சிலை வைத்து, தூரத்தில் நின்று மெயினைப் போட்டோம். நான் பின்னை எண்ணினேனே, அதே பென்சில். இரண்டு துண்டு. உள்ளே இருந்த கரி பொடிப்பொடியாகக் கொட்டியது.

பிறகு பட்டையையும் உன் புதுக் கார்டையும் மாட்டினேன். ரெசிஸ்டரை நான்தான் பற்றவைத்தேன். அவர் பின்னால் நின்று, "ஈயம் ஜாஸ்தி, ஈயம் ஜாஸ்தி" என்று உயிரை வாங்கினார். ஹாஸ்டலில் நீ பண்ணின அதே வேலை. உங்கள் ரத்தம் அப்படி. முடித்துவிட்டுப் புதுப் பென்சில் வைத்தோம். போட்டு அணைத்து, போட்டு அணைத்து, பதினொரு தடவை. ஏன் பதினொன்று என்றால், "நொடிக்கு ஒண்ணு" என்றார். முறியவில்லை. ரிலேகூடக் கனைக்கவில்லை. பதினொரு தடவையும் அவர் ஸ்விட்சைத் தானேதான் போட்டார், இடது கையால். ஒவ்வொரு தடவையும் பென்சிலை எடுப்பதற்கு முன் ஏர் வால்வை மூடினார். நான் சொல்லவில்லை.

அறிக்கையைப் புதிதாக எழுதி இன்று காலை தபாலில் போட்டுவிட்டேன். நீ சொன்னதை எழுத்து மாறாமல் எழுதினேன், கீழே வால்வையும். பழைய தாளைக் கிழிக்க விடமாட்டேன் என்கிறார். "என் இடது கை எழுதின முதல் எழுத்து, இருக்கட்டும்" என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்மேல் எனக்குக் கோபம் போகவில்லை. அந்த நாலு நிமிஷம் அப்படியேதான் இருக்கிறது. அது எப்போது போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் எழுதுகிறேன்.

முறியாத பென்சிலை இதோடு வைக்கவில்லை. அதற்கு வேலை வந்துவிட்டது. போர்டுப் பெட்டியை மூடியதும் அதை எடுத்து, வெள்ளை மூடியின் மேல் இடது கையால் பெரிதாக எழுதினார். அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

எலலாம ஒணணு இலல

ஓர் எழுத்துக்குக்கூடப் புள்ளி இல்லை. "புள்ளி எங்க?" என்றேன். "இந்தக் கைக்கு அவ்ளோ பொடிசா எல்லாம் வராது. அவ வந்து வச்சுட்டுப் போகட்டும்" என்றார்.

நாலு புள்ளி. எண்ணிவிட்டேன்.

ஸ்கேல்